தனக்கோடி அண்ணன் என் முதுகில் கால் வைத்த விவரம்

பெங்களூரில் மனைவி மக்களோடு சீரும் சிறப்புமாக வாழ்ந்துவரும் மரியாதைக்குரிய மச்சான் பாலு அவர்களுக்கு, இரும்புலியூரிலிருந்து தங்கள் தங்கை ஜெயஸ்ரீயின் வீட்டுக்காரன் சம்பத் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மன் அருளால் நான், ஜெயஸ்ரீ, மகள் வினிதா, மாடியில் குடியிருப்பவர்கள் அனைவரும் நலம். என் இடுப்பு மட்டும் நலத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே தங்கள் நலமும், வீட்டில் உள்ளவர்கள் நலமும், குறிப்பாகத் தங்கள் முழங்கால், தோள்பட்டை, நடுமுதுகு ஆகியவற்றின் நலமும் அறிய மிக்க ஆவல்.

நீங்கள் ரிட்டையர் ஆன கையோடு ஜிம்மில் சேரப் போவதாகவும், அதற்கென்று பச்சை கலரில் ஷூ வாங்கி விட்டதாகவும் ஜெயஸ்ரீ சொன்னாள். சந்தோஷம். ஆனால் சேருவதற்கு முன் இந்தக் கடிதத்தைக் கடைசி வரை படித்துவிட வேண்டும். போனில் சொல்லலாம்தான், போனில் நீங்கள் "தெரியும், தெரியும், மேல சொல்லு" என்பீர்கள், நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேலே போய்விடுவேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதிக நேரம் உட்காரக் கூடாது என்று உத்தரவு இருப்பதால் பிரிட்ஜின் மேல் தாளை வைத்து நின்றபடி எழுதுகிறேன். வினிதா மோர் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் எழுத்து கோணும், பொறுத்துக்கொள்ளவும்.

போன வருஷம் ஆடித் திருவிழாவுக்கு நீங்கள் வரவில்லை, அதனால் ரேஷன் கடை மூலையில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அம்மன் பல்லக்கின் முன்தண்டில் வலது பக்கம் எனக்கு, இடது பக்கம் என் பெரியப்பா மகன், அடுத்த வீட்டுத் தனக்கோடி அண்ணனுக்கு. எங்கள் இருவருக்கும் பேச்சு நின்றபோது வினிதா எல்.கே.ஜி.; இன்று அவள் வேலைக்குப் போகிறாள். எதனால் நின்றது என்று கேட்டால் நான் காம்பவுண்டுச் சுவர் என்பேன், அவர் முருங்கை மரம் என்பார், உண்மையில் இரண்டு பேருக்கும் சரியாக ஞாபகம் இல்லை. ஆனால் முன்தண்டைத் தாங்கும் இருவரும் ஒரே உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அம்மன் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவாள். எங்கள் வம்சத்தில் ஒரே உயரத்துக்கு வளர்ந்தவர்கள் நாங்கள் இருவர்தான். ஆகவே வருஷா வருஷம் தோளோடு தோள் ஒட்டி, ஒரு வார்த்தை பேசாமல் தூக்கினோம். நிற்க வேண்டுமென்றால் அவர் இருமுவார், திரும்ப வேண்டுமென்றால் நான் இருமுவேன். போன வருஷம் ரேஷன் கடை மூலையில் திரும்பும்போது என் முழங்கால் வெடவெடவென்று நடுங்கிவிட்டது. அம்மன் ஆடினாள். மாலை நழுவியது. கூட்டத்தில் அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு என் பக்கத்துப் பாரத்தையும் சேர்த்துத் தாங்கினார்.

சாமியை இறக்கியதும் விழாக் குழுச் செயலாளர் விக்கி வந்தான். நல்ல பையன்தான், ஆனால் வாய். "சம்பத்ண்ணா, வர்ற வருசம் டிராக்டர்ல ஏத்திக்கலாம்ணா. லைட்டு கீது, ஜெனரேட்டர் கீது, நீ இன்னாத்துக்கு வயசான காலத்துல பேஜார் பட்டுகினு?" என்றான். குழுவும் கூடிப் பேசி, அடுத்த ஆடியில் முன்தண்டு ஆடினால் அதற்கப்புறம் எந்நாளும் டிராக்டர்தான் என்று முடிவு செய்துவிட்டது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை மச்சான். அம்மனைத் தோளில் வைத்திருக்கும் அந்தச் சில மணி நேரம் போனால் எனக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது? வீட்டு வாடகை வாங்குகிறவன் என்ற பேர்தான் மிச்சம். இன்னொன்றும் உண்டு, அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. தண்டு போனால் தனக்கோடி அண்ணன் பக்கத்தில் நிற்பதற்கு எனக்கு வேறு சாக்கு கிடையாது.

அதனால்தான் ஜிம். சேலையூர் கேம்ப் ரோட்டில் மாடியில் இருக்கிறது. ஜோசியரிடம் போய் இரும்பு தூக்கத் தொடங்குவதற்கு நல்ல நாள், நல்ல நேரம் குறித்து வாங்கினேன். தேங்காய், சந்தனம், குங்குமம், பூவோடு போய் எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்தேன். அந்த ஹாலைப் பார்த்து அசந்துவிட்டேன் மச்சான். முதுகுக்கு ஒரு மிஷின், தொடைக்கு ஒன்று, தொடையின் உள்பக்கத்துக்குத் தனியாக ஒன்று! மனிதன் தன் உடம்பை இவ்வளவு கவனமாக யோசித்திருக்கிறான் என்று எனக்கு அதுவரை தெரியாது. பொட்டு வைத்து முடிப்பதற்குள் நேரம் ஓடிவிட்டது. பயிற்சி சொல்லிக்கொடுக்கும் தம்பி, "அங்கிள், ஃபர்ஸ்ட் வார்ம்-அப். கை காலைச் சுத்தணும், கொஞ்சம் நடக்கணும். இந்த வாரம் ஃபுல்லா அவ்ளோதான், வெயிட்டைத் தொடவே கூடாது" என்றார். கடிகாரத்தைப் பார்த்தேன். வார்ம்-அப் முடிவதற்குள் நல்ல நேரம் முடிந்து எமகண்டம் பிறந்துவிடும். எமகண்டத்தில் தொடங்கிய காரியம் விளங்குமா? "தம்பி, சுத்தறது நடக்கறது எல்லாம் எமகண்டத்துல வச்சிக்கலாம், அதுக்கு தோஷம் இல்ல. தூக்கறதை மட்டும் இப்பவே தூக்கிடறேன்" என்றேன். அவர் சிரித்தார், நான் கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பார். அவர் போன் பேசத் திரும்பிய நேரத்தில் நான் வேலையைத் தொடங்கிவிட்டேன். சரஸ்வதி பூஜை மறுநாள் எல்லாப் புத்தகத்திலும் ஒரு வரி படிக்கிறோம் அல்லவா, அதுபோல எல்லா மிஷினிலும் நல்ல நேரத்துக்குள் ஒரு பிடி பிடித்துவிட வேண்டும் என்று எண்ணம். இழுக்கிறதை இழுத்தேன், தள்ளுகிறதைத் தள்ளினேன். கடைசியில் தரையில் ஒரு நீளக் கம்பி, இரண்டு பக்கமும் தட்டு. முழங்காலை மடக்காமல் அப்படியே குனிந்து, அம்மா தாயே என்று தூக்கினேன். இடுப்பில் சுருக்கென்று ஒன்று ஓடியது. கம்பி தரையிலேயே இருந்தது. நான்தான் அதற்குமேல் நிமிரவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. இத்தனை வருஷம் குளிப்பாட்டி, சோறு போட்டு வளர்த்த உடம்பு, ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டதே! ஆட்டோவில் உட்கார முடியவில்லை. தண்ணீர் கேன் இறக்க வந்த லோடு ஆட்டோவில், காலி கேன்களுக்கு நடுவே என்னை மல்லாக்கப் படுக்கவைத்து அனுப்பினார்கள். கேம்ப் ரோடு முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மின்கம்பியில் வரிசையாகப் புறாக்கள், அதற்கு மேலே மேகம், மேகத்துக்குள்ளிருந்து மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம், அதன் வயிற்றில் எழுத்துகூடத் தெரிந்தது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், தாம்பரத்துக்கு மேலே இவ்வளவு வானம் இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியால் என்று கேன் தம்பி நினைத்துக்கொண்டார், பாதி அதுவும்தான்.

வீட்டில் வந்து குப்புறப் போட்டதும் வைத்தியம் ஆரம்பித்தது. ஜெயஸ்ரீ தைலம் போட்டு அழுத்தித் தேய்த்தாள். மாடி வீட்டு அம்மா தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தார். வினிதா போனைப் பார்த்து "ஐஸ்தான் வைக்கணும்" என்று பிரிட்ஜிலிருந்து பட்டாணிப் பொட்டலத்தை எடுத்து அதே இடத்தில் வைத்தாள். ஒரே முதுகில் கோடையும் மார்கழியும். அப்போது தெருவில் மீன் கொண்டுவரும் அங்காளம்மாள், கூடையை வாசலில் இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தது. "இன்னா சார், இப்டி கெடக்கறே? அதெல்லாம் வாணாம். காலு முன்னால வந்து பொறந்த ஆளு மூணு தபா மெதிச்சா பிடிப்பு பிச்சிகினு ஓடும்" என்றது. தலைக்குப் பதில் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர்களின் பாதம் பட்டால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் உண்டே, அது. எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது, குப்புறக் கிடப்பவனுக்கு எதிலும் நம்பிக்கை வரும். "அப்டி யாரும்மா இருக்காங்க?" என்று ஜெயஸ்ரீ கேட்டாள். "யாரா? உங்க தனக்கோடிதான். அவங்கம்மா எங்கிட்ட மீன் வாங்கறப்போ எத்தினி தபா சொல்லிகீது!"

முதுகில் பட்டாணி சொட்டிக்கொண்டிருந்தது. "வேண்டாம்" என்றேன் தரையைப் பார்த்து. "உசுரு போற வலில கௌரவம் பாத்துகினு கீறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று அங்காளம்மாள் என்னைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் அடுத்த வீட்டுக் கேட்டைத் தட்டப் போய்விட்டது.

அவர் வந்தார் மச்சான். வருவார் என்று நான் நினைக்கவில்லை. என் முகம் தரையில் இருந்ததால் அவர் கால் மட்டும்தான் தெரிந்தது, வாசல் குழாயில் கழுவிய ஈரத்தோடு. என்னிடம் பேசவில்லை. ஜெயஸ்ரீயிடம், "எந்தப் பக்கம்னு கேளும்மா" என்றார். அவள் என்னிடம் கேட்டாள். "இடது பக்கம்னு சொல்லு" என்றேன். அவள் அவரிடம் சொன்னாள். "மூச்சை இழுத்து விடச் சொல்லு" என்றார். இழுத்து விட்டேன். பாதத்தை வைத்தார். மிதிப்பார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க, அந்தப் பாதம் ஒரு பூவை வைக்கிற மாதிரி வந்து இறங்கி, சும்மா இருந்தது. சில்லென்று இருந்தது. லேசாக நடுங்கியது. மூன்று முறை வைத்து எடுத்தார். பிறகு ஜெயஸ்ரீ கொடுத்த காபியைக் குடித்துவிட்டே போனார். நம்புவீர்களோ மாட்டீர்களோ, அன்று சாயங்காலம் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். பிறப்பிலேயே ஒருவருக்கு இப்படி ஒரு வரம் கிடைக்குமா என்று ராத்திரியெல்லாம் ஒரே பிரமிப்பு.

ஆனால் நின்றேனே தவிர நடக்கும்போது இழுத்தது. வினிதா பிடிவாதமாகப் பிசியோதெரபி டாக்டர் தேவதர்ஷினியிடம் அழைத்துப் போனாள். அந்த அம்மா என் முதுகைப் பார்ப்பதற்கு முன்னால் வலியைப் பற்றிக் கேட்டது. குத்துகிறதா, குடைகிறதா, இழுக்கிறதா, எரிகிறதா, மரத்துப்போகிறதா, கால் வரைக்கும் இறங்குகிறதா என்று ஒவ்வொன்றாய். என் வலியை யாரும் அவ்வளவு மரியாதையாக விசாரித்ததே இல்லை. ஒருவர் கால் வைத்த விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "அழுத்தி மிதிச்சாரா?" "இல்லம்மா, சும்மா வச்சார்." "நல்லவேளை சார். மிதிச்சிருந்தா இன்னும் மோசமாயிருக்கும். இனிமே யாரையும் முதுகுல ஏத்தாதீங்க." பிறகு சொன்னது: தசை பிடித்துக்கொண்டிருக்கிறது, எலும்புக்கு ஒன்றுமில்லை. முதல் இரண்டு நாள் குளிர்ச்சி, அப்புறம் சூடு, இரண்டையும் ஒன்றாக அல்ல. மரக்கட்டை மாதிரி படுத்தே கிடக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். உடம்பு அலுப்பது வேறு, சுருக்கென்று குத்துவது வேறு. அலுத்தால் தொடரலாம், குத்தினால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். எதைத் தூக்கினாலும் முழங்காலை மடக்கிப் பொருளை நெஞ்சோடு சேர்த்துத் தூக்க வேண்டும். மச்சான், இந்தப் பாராவை மட்டும் இரண்டு தடவை படிக்கவும்.

நான் அம்மன் விஷயத்தைச் சொன்னேன். "ஆடிக்குள்ள தூக்க முடியுமாம்மா?" "எவ்ளோ வெயிட் சார்?" "அம்மனுக்கு வெயிட் சொல்லக் கூடாதும்மா." அந்தப் பெண் சிரிக்கவில்லை. "சரி, தண்டுக்குச் சொல்லலாம் இல்ல? அதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்றது. வெறும் தண்டைத் தோளில் வைத்து ஒரு வாரம், அப்புறம் கொஞ்சம் பாரம் கட்டி, மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். கூடத் தூக்குகிறவர் அதே உயரமாக இருக்க வேண்டும். என்னை மறுபடி ஆளாக்க இந்த உலகத்தில் தனக்கோடி அண்ணனைத் தவிர வேறு ஆள் இல்லை என்று படித்த டாக்டரே சொல்லிவிட்டது. ஜெயஸ்ரீ அடுத்த வீட்டுக்குப் போய்க் கேட்டாள். "விடியக்காலைல வரச்சொல்லு" என்று பதில் வந்தது.

அன்று விடியற்காலை நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. கோயிலிலிருந்து ஒரே ஒரு தண்டு. முன்னால் அவர், பின்னால் நான், தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிறோம். இரண்டு வீடு தாண்டியிருப்போம், கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்தது, தண்டைப் பார்த்தது, உள்ளே ஓடிப்போய்த் தட்டில் கற்பூரத்தோடு வந்து நின்றது. "சாமி எங்க?" என்று கேட்கவே இல்லை. தண்டு வந்தால் அம்மன் வந்தாள் என்றுதான் இந்தத் தெருவுக்குத் தெரியும். அடுத்த வீட்டில் குடத்தோடு வந்து எங்கள் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். அதற்கடுத்த வீட்டில் தேங்காய். பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் வாயைக் கொப்பளித்துவிட்டுக் கும்பிட்டார்கள். குழந்தைகளைத் தண்டுக்கு அடியில் நுழைத்து எடுத்தார்கள். விக்கி லுங்கியோடு ஓடி வந்து, "இன்னாண்ணா, கமிட்டிக்கு ஒரு வார்த்தை சொல்லாம ஊர்வலம் கெளம்பிட்டீங்க?" என்று கத்தினான், பிறகு அவனும் செருப்பைக் கழற்றிவிட்டான். பிசியோ சொன்னது தெருமுனை வரைக்கும்தான். எனக்கு அலுத்துவிட்டது. தண்டை இறக்கப் போனேன். அப்போது அண்ணன் திரும்பி, இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல்முதலாக என்னிடம் பேசினார்: "டேய், கீழ வைக்காதடா. கற்பூரம் காட்டிட்டாங்க."

மச்சான், அந்த "டேய்" இருக்கிறதே! எனக்கு அழுகை வந்துவிட்டது. "அலுக்குதுண்ணா" என்றேன். "குத்துதா?" என்றார். "இல்ல, அலுக்குது." "அப்ப வா. டாக்டரம்மா குத்தினாதான் நிறுத்தச் சொல்லிச்சாம், ஜெயஸ்ரீ சொல்லுது." கோயில் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அதற்குப் பிறகு பின்தெருவில்தான் பயிற்சி.

இந்த வருஷ ஆடித் திருவிழா பத்து நாளைக்கு முன்னால் முடிந்தது. அன்று சாயங்காலம் கோயில் வாசலில் தண்டு தூக்கும் அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டி வரிசையாக நின்று, கையைச் சுற்றி, காலை நீட்டி, இடுப்பைத் திருப்பினோம். தேவதர்ஷினி அம்மா முன்னால் நின்று சொல்லச் சொல்ல, பம்பைக்காரர்கள் தாங்களாகவே அதற்கு ஏற்றாற்போல அடிக்கத் தொடங்கினார்கள். பார்த்தவர்கள் புதுசாக ஏதோ வேண்டுதல் என்று நினைத்தார்கள். நான் மூலை வரைக்கும்தான் தூக்கலாம், அதற்குமேல் ஆள் மாற்ற வேண்டும் என்று அந்த அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. முன்தண்டை நடுவழியில் கைமாற்றியது கிடையாது. இருந்தாலும் ஒத்துக்கொண்டேன். ரேஷன் கடை மூலை வந்தது. நான் இருமினேன். திரும்பினோம். முழங்கால் நடுங்கவில்லை மச்சான்! அம்மன் நூல் பிடித்தாற்போல் திரும்பினாள். எங்கள் உயரத்துக்குச் சரியாக வரும்படி தோளில் துண்டைக் கூடுதலாக மடித்துப் போட்டுக்கொண்டு, விக்கியும் இன்னொரு பையனும் வந்து வாங்கிக்கொண்டார்கள். தோளில் அம்மனை வாங்கியதும் விக்கி வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச தூரம் போனபின், "இன்னாண்ணா இது, ஒடம்பெல்லாம் புல்லரிக்குது" என்று மட்டும் சொன்னான். டிராக்டர் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தது.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். மெதுவாக ஆரம்பியுங்கள், வார்ம்-அப்பை விடாதீர்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், வலி வந்தால் முதலில் டாக்டரிடம் போங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காலால் பிறந்த ஒருவரை உறவில் வைத்துக்கொள்ளுங்கள். அறிவியல் என்ன சொன்னாலும் சரி, அந்தப் பாதம் பட்டுத்தான் நான் எழுந்தேன், அது தெய்வம் கொடுத்த பாதம். தங்கள் பச்சை ஷூ நீடூழி வாழ, தங்கள் மூட்டுகள் யாவும் சொன்னபடி கேட்க, அம்மனை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்பு மச்சான்,
சம்பத்.

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் தனக்கோடி அண்ணன் காபிக்கு வந்தார். இப்போதெல்லாம் தினமும் வருகிறார். கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டேய், காலால பொறந்தது நானா? நீதான்டா. உன்னைப் பெத்தெடுக்க என் சித்தி பட்ட பாட்டை எங்கம்மா ஊரெல்லாம் சொல்லும். அங்காளம்மா ஆளை மாத்திச் சொல்லிடுச்சு" என்றார். "தெரிஞ்சும் ஏன்ணா வந்தீங்க?" என்றேன். காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். "கூப்பிட்டாங்க. இல்லடா அது நான் இல்லன்னு சொல்லிட்டா, மறுபடி எதுக்குக் கூப்பிடுவாங்க?" என்றார். பயந்துகொண்டேதான் கால் வைத்தாராம், அதனால்தான் அழுத்தவில்லையாம். இத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டாக்டரம்மா வேண்டாம் என்றதை எவ்வளவு சொல்லியும் கேளாமல், திருவிழாவிலிருந்து தனக்கும் முதுகு பிடித்திருக்கிறது, வரம் உன்னிடம்தானே இருக்கிறது, வை என்று சட்டையைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் குப்புறப் படுத்துவிட்டார். பெரியவர் முதுகில் சின்னவன் கால் வைக்கலாமா மச்சான்? உடனே போன் பண்ணவும். எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்.